விருஷபதாஸ் வீட்டு ஒட்டகம்

தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்ற ஆனி மாத வியாழக்கிழமை ஒன்றில், செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் விருஷபதாஸின் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டகம் நின்றது. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சித்திரையிலிருந்தே அப்படித்தான், யார் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அதிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே வந்து, படித்து முடிக்கிறவரை அவர்களோடு இருந்துவிட்டுப் போனது. வல்லம் பஸ் கண்டக்டர் அடைக்கலராஜ், நிலாவுக்குப் போன கதையைப் படித்த பதினெட்டு நாளும் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுதான் டிக்கெட் கிழித்தார். பிரேக் போட்டால் மட்டும் முன்கண்ணாடிவரை மிதந்துபோய்த் திரும்பினார். கடலை பயிரிடும் ராயம்மாள் துப்பறியும் நாவல் எடுத்ததும், தொப்பி போட்ட ஒருவர் அவள் கொல்லையில் காலடித் தடங்களை அளந்துகொண்டு திரிந்தார். காணாமல்போன இரண்டு கோழிகளையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்டியா" என்று கேட்பதை விட்டுவிட்டு "இன்னா படிக்கிற" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதில் நிம்மதி இழந்தவர் விருஷபதாஸ் ஒருவர்தான். ஊர் நூலகத்து வாசகர் வட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் தலைவர். ஊரார் நயினார் என்று அழைக்கும் ஜைனர் அவர். ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், ஞாயிறு நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்துவிடும். வந்தவர்களிடமெல்லாம் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்பார். பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம் பெண் எப்படி என்று கேட்கிற ஆசை அந்தக் கேள்வியில் இருக்கும். ஆனால் அவர் கடைசியாக ஒரு புத்தகத்தை முடித்தது மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். பின்னட்டையைப் படித்துவிட்டே பத்து நிமிஷம் பேசப் பழகியிருந்தார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அவரிடமிருந்து ஓர் எறும்புகூட வெளியே வரவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் அவர் காலடியைப் பார்த்தார்கள், முதுகுப் பக்கம் பார்த்தார்கள், பிறகு மரியாதையாக மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஆகவே ஒட்டகத்தைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாலைவனத்து புஸ்தகம், பெருசு. ஞாயித்துக்கெழம பேசறேன்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒட்டகமோ அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் அசையவில்லை. அவர் மனைவி லீலாவதி கொடியில் துணி உலர்த்தினால் கொடியடியில் நின்றது. ரேஷன் கடைக்குப் போனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது. அரை மணியில் யாருக்கும் புரியக்கூடிய அந்த விஷயத்தை ஒப்புக்கொள்ள விருஷபதாஸுக்கு மூன்று நாள் ஆனது. சனிக்கிழமை மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"லீலா, நீ எதுனா படிக்கிறியா?"

"படிக்கிறேனே."

"எத்தினி நாளா?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னயிருந்தே. இப்ப உங்க லைப்ரரி கார்டுலதான் எடுக்கறேன். இதுக்கு முன்ன வந்ததெல்லாம் சின்னது, சமையக்கட்டத் தாண்டல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஊரையே கேட்டீங்க. என்ன கேக்கலியே."

அதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

மறுநாள் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்துவிட்டார்கள். அப்போதும் அவர் சமாளித்திருக்கலாம். லீலாவதியின் புத்தகத்துப் பின்னட்டை இருந்தது, அதைக் காலையிலேயே இரண்டு முறை படித்தும் இருந்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "அந்த ஒட்டகம் என்னுது இல்ல. எங்க வூட்டுக்காரம்மாவுது. பன்னெண்டு வருஷமா நான் அட்டையத்தான் படிக்கிறேன்" என்றார்.

ராயம்மாள், "அது எங்களுக்குத் தெரியும் நயினாரே" என்றாள். "நீங்க அவ்ளோ ஆசையா கேக்குறீங்களேன்னுதான் நாங்க படிச்சோம். எனுக்கு எய்த்துக் கூட்டவே தெரியாம இருந்திச்சு. நீங்க குந்துங்க, லீலாம்மா பேசட்டும்."

லீலாவதி பேசினாள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டு கேட்டது. ஐந்தரை ஆனது யாருக்கும் தெரியவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது. அன்று கணவனும் மனைவியும் பட்டினியாகப் படுத்தார்கள், இருவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஒட்டகம் போய்விடும் என்று தெருவே வழியனுப்பத் திரண்டது. ராயம்மாள் ஒரு கட்டு கடலைக்கொடி கொண்டுவந்தாள், அடைக்கலராஜ் டூட்டி மாற்றிக்கொண்டு வந்தார். லீலாவதி புத்தகத்தை மூடினாள். ஒட்டகம் கண்ணை மூடித் திறந்து, கடலைக்கொடியில் வாயை வைத்தது. எல்லாரும் அவளைப் பார்க்க, பின்னால் நின்ற விருஷபதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அதே புஸ்தகத்துல மூணாம் பக்கத்துல இருக்கேன். திங்கக்கெழமதான் ஆரம்பிச்சேன்" என்றார்.

கடை திறப்பதற்கு முன் தினம் ஒரு பக்கம் படிக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்ததில் அன்றைக்குக் கடை அரை மணி தாமதமாகத் திறந்தது. லீலாவதி இதற்குள் பனிநாட்டுக் கதை ஒன்றைத் தொடங்கிவிட்டாள். பின்கட்டின் வடக்கு மூலையில் கணுக்கால் அளவு பனி கிடக்கிறது, ஒட்டகம் தெற்கு மூலையில் படுத்துக்கொள்கிறது. கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு நாள் இருக்கும் என்று விசாரிக்கிறார்கள். இன்னும் இருநூற்று ஆறு பக்கம் இருக்கிறது என்று தெருவில் சொல்கிறார்கள்.