பதினேழேகால் அங்குலக் கழுத்து

நாலு நாளாக வீட்டையே ஆட்டிவைத்த பல்வலி, ஐந்தாம் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. பஸ் டிரைவர் கன்னத்தைத் தட்டிக்காட்டி, "பாத்தியா? டாக்டர்கிட்டப் போயிருந்தா பிடுங்கிப் போட்டிருப்பாங்க. பல்லு போனா சொல்லு போச்சு" என்றார். அவர் மனைவி, தெருமுனைத் தையல்கடைக்காரி, அதை நம்பினாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வலி நின்ற சந்தோஷத்தைச் சொல்லித் தீர்த்தாள்.

அன்று சாயங்காலம் அவருடைய புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். சிறந்த ஓட்டுநர் என்று டிப்போவில் அவரை மேடையேற்றப் போகிறார்களே, அதற்காகத் தைத்தது. கழுத்துப் பித்தான் எட்டவில்லை. பத்து நாள் முன்னால் அவளே எடுத்த அளவு, பதினைந்தரை. இருபது வருஷத்தில் ஒருத்தரும் காலர் பிடிக்கிறது என்று சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கட்டிய புருஷனுக்கே அளவு தப்பினால் வெளியே தலைகாட்ட முடியுமா? உள்ளே வைத்த கேன்வாஸ் துணி இஸ்திரிச் சூட்டில் சுருங்கியிருக்கும் என்று முடிவுகட்டி, காலரைப் பிரித்து அரை அங்குலம் தளர்த்தித் தைத்தாள்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் அதுவும் எட்டவில்லை.

"என் கைக்கு என்னங்க கேடு வந்துச்சு?" என்று கத்தரிக்கோலைப் பட்டென்று மேஜைமேல் வைத்தாள். அவர் ஏதோ பதில் சொன்னார். வாய்க்குள் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. கடைவாயில் வழிந்த எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

டேப்பை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள். பதினேழேகால். நம்பாமல் மறுபடி சுற்றினாள். அதே பதினேழேகால்.

சட்டையில் ஒரு தப்பும் இல்லை. தாடைக்கு அடியில் கை வைத்தாள். கட்டைபோல் இறுகிக் கிடந்தது, தொட்ட விரல் சுட்டது. "வாயத் திறங்க" என்றாள். ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அந்த இடுக்கில் நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. பல் இருக்கும்போதே சொல் போய்விட்டது. இரண்டு நாளாகக் காலரையே பார்த்த கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்தக் கல்லுளிமங்கனோ, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று கையால் ஜாடை காட்டினார்.

"பேசாம கிளம்புங்க!" என்று இழுத்துக்கொண்டுபோய் டாக்ஸியில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் பல்வலி என்று ஆரம்பித்தாள்; சீட்டு எழுதுகிறவர் தலை நிமிரவில்லை. "பல்லா? பல் டாக்டர் நாளைக்குக் காலைலதான்."

"பல்லு இல்லைங்க, கழுத்து! பத்து நாள்ல ஒன்னேமுக்கால் இன்ச் பெருத்திருக்கு. எச்சில் இறங்கல, மூச்சு இழுக்குது. பாருங்களேன்!"

அவர் பார்த்தார். பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் அவள் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா விரலால் தாடையை அழுத்தியபடியே, "வலி எப்போ நின்னுச்சு?" என்று கேட்டார்.

"நேத்து காலைல. சரியாயிடுச்சுன்னு நினைச்சோம்..."

"பல்லுக்குள்ள நரம்பு செத்துப்போச்சும்மா, அதான் வலி நின்னுச்சு. சீழ் நிக்கல. தாடைக்குக் கீழ இறங்கி நாக்கைத் தூக்குது. இன்னும் கொஞ்சம் போனா மூச்சை அடைச்சிடும். இப்பவே கீறி எடுக்கணும்."

"நாளைக்குக் கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "நாளைக்கு அவர் இருந்திருக்க மாட்டார்."

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்; கதவு சாத்திக்கொண்டது. அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. ஒரு கடைவாய்ப்பல். அதுவா மனுஷனைக் கொல்லும்? யாராவது கதையாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

மூன்று நாள் குழாய் வழியாக மூச்சுவிட்டார். சொத்தைப் பல்லைப் பிடுங்கி, கழுத்தில் இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடித்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் குழாயை எடுத்ததும் அவள் குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"வலிக்குதுடி" என்றார், கரகரத்த குரலில்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "வலிக்கட்டும்" என்றாள். "நல்லா வலிக்கட்டும்."