கையால் வாயை மூடிச் சொன்னது

மூக்காண்டியின் தறிக்கூடத்தில் ரகசியம் பேச ஒரு முறை உண்டு. கையால் வாயை மறைத்துக்கொண்டு, கேட்பவன் காதோடு வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

வாயை மறைக்காவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான்கு விசைத்தறிகள் ஓடுகிற இடத்தில் காதுக்கு வேலை கிடையாது. குரல் இல்லாமல் உதட்டை அசைத்தால் போதும், எதிர்த் தறியில் நிற்பவன் படித்துக்கொள்வான். நூல் தீர்ந்துபோனது, டீ வந்தது, வாசலில் ஆள் நிற்பது எல்லாம் உதட்டில்தான். கூடத்தின் எந்த மூலையில் உதடு அசைந்தாலும் மூக்காண்டிக்குத் தெரியும். அவன் கண் அப்படிப் பழகியது.

கூடம் என்பது வீட்டின் முன்பாதி. பின்பாதியில் குடித்தனம். நடுவே ஒரு நிலை உண்டு, கதவு கிடையாது. சங்கரன்கோவிலில் அந்தத் தெரு முழுக்க இதே கட்டுமானம்தான். மேற்கே பார்த்தால் மலை தெரியும். மழை மலையோரத்திலேயே இறங்கிவிட்டு, இந்தப் பக்கம் காற்றை மட்டும் அனுப்பும். விதைத்துப் பார்த்து அலுத்தவர்கள் தறியை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு அந்த வீடுகளில் யாரும் மெல்லப் பேசியதில்லை.

அபிதா வாசுதேவநல்லூர்க்காரி. மலையடிவாரம், குளத்துத் தண்ணீர், நெல் வயல். இந்த வரப்பில் நின்று அந்த வரப்புக்குப் பேசி வளர்ந்த தொண்டை அவளுக்கு. மூக்காண்டியின் தம்பி மாரிக்கண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் கூடத்தில் நின்று கத்திக் கத்திப் பேசுவாள். மாரிக்கண்ணன் சிரிப்பான். 'எதுக்கு மூச்சை வீணாக்குத?' என்று உதட்டால் கேட்பான். ஒரு வருஷத்துக்குள் அவளும் மூச்சை மிச்சப்படுத்தப் பழகிக்கொண்டாள்.

மகள் சண்முகப்ரியாவுக்கு நான்கு வயது. நன்றாகப் பேசுவாள். பசிக்கிறது என்பாள், பூனை வந்தது என்பாள், அப்பா எங்கே என்பாள். எல்லாம் உதட்டில். அழும்போது குரல் வந்தது, அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அங்கன்வாடியில் சேர்த்த பிறகுதான் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஏம்மா, உன் பிள்ள வாய வாயத் தொறந்து மூடுதா. மத்த பிள்ளைய அவள மீன்குஞ்சுன்னு கூப்பிடுதுவ."

திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினார்கள். காது சரியாக இருந்தது, தொண்டையும் சரியாக இருந்தது. "நீங்க பேசுறதைத்தானே அவ பேசுறா" என்றார் டாக்டர். "சத்தமில்லாத வீட்டுல வைங்க. நாலு பேர் வாய்விட்டுப் பேசுறதக் கேக்கட்டும். ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள செய்யணும், வயசு ஏறினா கஷ்டம்."

மூக்காண்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாரியும் இப்படித்தான் இருந்தான். இப்பம் பேசலையா?" என்றான்.

அபிதா புருஷனைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி பிறந்ததும் அவளுடைய அப்பா போன் செய்தார். தெருமுனை தாண்டிப் போய் நின்றுதான் போனில் பேச முடியும். "கொளம் பெருகிட்டு மக்கா. மடை தொறக்கப் போறாங்க" என்றார். "உன் தம்பியும் வெளிநாட்டுக்குப் போயிட்டான், நான் ஒத்தையில என்ன செய்ய? மாப்பிள வந்து நின்னா வயலு அவருக்குத்தான். மேல வீடு சும்மா கெடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க. இல்லைன்னா வேற ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன்."

சத்தமில்லாத வீடு. வாய்விட்டுப் பேசுகிற ஊர். கோயிலுக்குப் போகிற வழியில் அவள் மாரிக்கண்ணனிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் நடந்துவிட்டு, 'போவோம். அண்ணன்ட்ட சொல்ல வேண்டாம்' என்று உதட்டை அசைத்தான். இரண்டையும் அவள் சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காற்று பேயாக அடித்தது. தகரக் கூரை எழும்பி எழும்பி விழுந்தது. தீபாவளிச் சேலைக்கு ஆர்டர் வந்திருந்ததால் நான்கு தறியும் ஓடின. இரண்டில் மூக்காண்டி, இரண்டில் மாரிக்கண்ணன். அபிதா ஊடைநூல் சுற்றிய குச்சிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு புருஷனிடம் போனாள். கூடையைக் கீழே வைத்தாள். இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதில் கத்தினாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிருவோம். எங்கப்பாவுக்கு மேலுக்கு முடியலைன்னு உங்க அண்ணன்ட்ட சொல்லுங்க. ரெண்டு நாள்னு சொல்லுங்க. போனா பெறவு திரும்பி வரமாட்டோம்."

எங்கோ கம்பியோடு கம்பி உரசியது. கரண்ட் போயிற்று.

நான்கு தறியும் நின்றன. தெருவே நின்றது. 'திரும்பி வரமாட்டோம்' மட்டும் நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி, சன்னலைத் தாண்டி, எதிர்வீட்டு வாசல்வரை போயிற்று. அவள் கை இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக் கோமதியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏட்டி அபிதா, எங்கன போறிய? சொல்லிட்டுப் போங்க, புளிச்சோறு கெட்டித் தாரேன்." இன்னும் இரண்டு வாசலில் சிரிப்புக் கேட்டது.

மூக்காண்டி பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்துக்கொண்டான். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எங்கன போயிட்டு வரமாட்டிய?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. "எங்க ஊருக்கு, அத்தான்" என்றாள். "பிள்ள பேசணும். இங்கன இருந்தா பேசாது."

"பிள்ளையக் கூட்டிட்டு நீ போம்மா. எத்தன மாசம்னாலும் இரு. மாரி இங்கன இருக்கட்டும்."

"இது நல்லாருக்கே" என்றாள் கோமதியம்மாள், படியேறி வந்து. "என் வீட்டுலயும் மக ஒருத்தி பிள்ளையத் தூக்கிக்கிட்டு, கொஞ்ச நாள்னு சொல்லித்தான் வந்தா. கூப்பிட இன்னும் ஒருத்தனும் வரல. நூல் சுத்திக்கிட்டுக் கெடக்கா."

"நான் மட்டும் போனா வயலை யாரு பாப்பா, அத்தான்? அவுக வராம எங்கப்பா வயலைத் தரமாட்டாரு. எத்தன நாள் அங்க ஒக்காந்து திங்க முடியும்?"

மூக்காண்டி அவளிடமிருந்து திரும்பினான். தம்பியைப் பார்த்தான். "ஏலே மாரி. நாலு தறிய நான் ஒருத்தன் ஓட்ட முடியாது. ரெண்டு நின்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போனா மத்த ரெண்டும் நிக்கும். அப்பா செத்தன்னைக்கு, தூக்கிட்டுப் போயி எரிச்சிட்டு வந்து நீயும் நானும் தறியிலதான் நின்னோம். அதுக்காவ உன்னப் பிடிச்சு வைக்கல. போறேன்னு சொல்லு, நானே பஸ் ஏத்தி விடுதேன்."

மாரிக்கண்ணன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. 'போறேண்ணே.' அபிதா படித்தாள். மூக்காண்டியும் படித்தான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"உதட்டுல சொல்லாத. வாய் தொறந்து சொல்லு. இப்பந்தான் கரண்ட் இல்லையே, எல்லாருக்கும் கேக்கும்."

தறிச்சத்தம் இல்லாமல் அண்ணன் முன்னால் நின்று மாரிக்கண்ணன் எதையும் சொன்னதில்லை. எதிரே கோமதியம்மாள், சன்னலில் தெருவாட்கள். காற்று கூரையைத் தட்டியது.

"வரமாட்டோம்."

நிலைப்படியில் சண்முகப்ரியா நின்றிருந்தாள். கரகரவென்ற குரல், துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த மாதிரி. தன் குரலைக் கேட்டு அவளே பயந்து சுவரோடு ஒட்டினாள்.

அபிதா ஓடிப்போய் மண்டி போட்டாள். "என்ன சொன்ன மக்கா? இன்னொரு மட்டம் சொல்லு."

"வரமாட்டோம்" என்றாள் பிள்ளை. இந்தத் தடவை கொஞ்சம் தெளிவாக.

"கேட்டியளா?" அபிதா புருஷனைப் பார்த்தாள். "சத்தம் நின்ன ஒடனே பேசுதா. சொல்லுங்க. ஒத்த வார்த்த சொல்லுங்க."

அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. குரல் வரும்போல்தான் இருந்தது.

பல்பு எரிந்தது.

தெருக்கோடியில் ஒரு தறி கிளம்பியது. அடுத்த வீட்டில் இன்னொன்று. மூக்காண்டி தம்பியின் பதிலுக்கு நிற்கவில்லை. போய்த் தன் இரண்டு தறிகளையும் ஓட்டிவிட்டான். கோமதியம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே படியிறங்கினாள், அது யாருக்கும் கேட்கவில்லை. மாரிக்கண்ணனின் தறிகள் மட்டும் நின்றன. அவன் அவற்றின் நடுவில் நின்றான். மூக்காண்டி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மாரிக்கண்ணனின் கை கைப்பிடிக்குப் போனது. முதல் தறி ஓடியது. பிறகு இரண்டாவது.

சண்முகப்ரியா அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டை அசைத்தாள். 'எங்க போறோம்மா?'

'எங்கயும் இல்ல' என்றாள் அபிதா, உதட்டால்.