அனிட்டாவுக்கும் சளி

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் யார் இருமினாலும் பழி பனிக்குத்தான். யாருக்கு மூச்சு வாங்கினாலும் பழி மேட்டுக்கு. கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் குமாரவேலும் இதை நம்பப் பழகியிருந்தான். ஆனால் ஆள் பயந்த சுபாவம். பழனியில் இருந்தபோதே பக்கத்தில் யாராவது தும்மினால் எழுந்து அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறவன்.

அந்தப் புதன்கிழமை பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை அவன் அக்கா லாவண்யாவுக்குப் பழனியில் வளைகாப்பு. ஏழாம் மாதம். லீவு சொல்லி, பையும் கட்டியாயிற்று. இந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கிய கோஷ்டியில் நாலு பேர் காய்ச்சலோடு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

"பனி ஒத்துக்கல, அவ்வளவுதான்," என்றாள் ரிசப்ஷனில் இருந்த அனிட்டா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "டூரிஸ்ட்னா அப்பிடித்தான்."

"நீ என்ன டூரிஸ்ட்டா? இந்த ஊருலயே பொறந்தவதான?"

"எனக்கு டஸ்ட் அலர்ஜி."

"நாலு நாளா மழை பெய்யுது. டஸ்ட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"வெரசா போயி பெட்ஷீட்ட மாத்து. பெரிய டாக்டரு, கேள்வி கேக்க வந்துட்டாரு."

பெட்ஷீட்டை அள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே சாமான் சுமக்கும் செல்வின் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். ரோட்டிலிருந்து கெஸ்ட் ஹவுசுக்கு எண்பது படி. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தாமல் ஏறி வருகிற மனிதர் அவர். இன்றைக்குப் பாதிப் படியிலேயே சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, அதன்மேலேயே சாய்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"மேடுடா தம்பி... மூச்சு... வாங்குது."

"இந்த மேடு இன்னைக்குக் காலையிலயா மொளச்சுச்சு?"

செல்வின் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நெற்றியைத் தொட்டால் சுட்டது. குமாரவேல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். கோஷ்டியில் நாலு பேர், அனிட்டா, இப்போது இவர். எல்லாம் மூன்று நாளுக்குள். கை தானாகவே கிராமத்து நர்ஸ் நதியாவின் நம்பரைத் தேடியது.

"அவரத் தனியா உக்கார வை. ஜன்னலெல்லாம் தொறந்து விடு. எல்லாரையும் மாஸ்க் போடச் சொல்லு," என்றார் நதியா. "இந்தா, கெளம்பிட்டேன்."

அவர் வருவதற்குள் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்பா நாச்சிமுத்துவுக்குக் காது மந்தம். வாய்ஸ் மெசேஜ் சரிப்படாது, எழுத்தாக வந்தால் கண்ணாடியைப் போட்டுப் படிப்பார். குமாரவேலுக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. அவன் பேசுவான், போன் எழுதிக்கொள்ளும். ஆறு மாதமாக அப்படித்தான். செல்வின் தண்ணீர் கேட்கவே, பேசி முடித்து, பார்க்காமலேயே குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டு ஓடினான்.

அரை நிமிடத்தில் அம்மா லீலா கூப்பிட்டாள். எடுத்ததுமே அழுகை.

"ஏலே, யாருடா அந்த அனிட்டா?"

"கூட வேல பாக்குற பொண்ணும்மா. ஏன்?"

"ஏனா? 'அனிட்டாவுக்கும் தாலி கட்டியாச்சு, அதான் வெள்ளிக்கிழமை வரலாமான்னு யோசனையா இருக்கு'ன்னு குரூப்புல போட்டுட்டு ஏன்னா கேக்குற? அனிட்டாவுக்கும்னா? இதுக்கு முன்னாடி யாருக்குடா கட்டுன?"

பின்னாலிருந்து அப்பா கத்துவது கேட்டது. "எத்தன பேருன்னு கேளு!"

"தாலி இல்லம்மா, சளி! சளி!"

அவன் காதிலேயே அது "தளி, தளி" என்று விழுந்தது. போனைப் பிடுங்கிக்கொண்ட லாவண்யா சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். பிறகு சட்டென்று அவள் குரல் மாறியது.

"ஏலே, இன்னொரு தடவ பேசு. உன் குரலு ஏன் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கெடக்கு?"

"அது ஒண்ணுமில்லக்கா, பனி ஒத்து..."

குமாரவேல் பாதியில் வாயை மூடிக்கொண்டான். விடிந்ததிலிருந்து தொண்டை கரகரவென்று இருந்தது. முதுகு வலிக்கு மெத்தை தூக்கியதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் இருக்கிற மூக்கையெல்லாம் எண்ணியவன், தன் மூக்கை எண்ணவில்லை.

நதியா வந்ததும் செல்வினின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றொன்று. "இது ஆஸ்பத்திரிக் கேசு," என்று ஆம்புலன்சுக்குச் சொன்னார். குமாரவேலுக்குத் தொண்ணூற்றேழு, காய்ச்சல் மட்டும் நூற்றொன்று.

"ஒரே எடத்துல ஏழு பேரு. இதுக்குப் பேரு பனி இல்ல தம்பி. சாம்பிள் எடுக்க ஆளு வரச் சொல்லிருக்கேன். மூச்சு முட்டுச்சுன்னா ஒடனே எனக்குப் போன் பண்ணணும்."

"சிஸ்டர், வெள்ளிக்கிழமை மாஸ்க்கப் போட்டுக்கிட்டு, ஒரு ஓரமா நின்னுட்டு வந்துரட்டா?"

"அக்காவுக்கு எத்தன மாசம்?"

"ஏழு."

நதியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். குமாரவேல் வீட்டுக்குப் போன் போட்டான்.

"நான் வரலக்கா. வயித்துல புள்ளையோட இருக்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "சரிடா," என்றாள் லாவண்யா. "கெடந்து தூங்கு. சோலி கீலின்னு எந்திரிச்சு ஓடாத."

வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. வேகமாகத் தொற்றும் ஒரு ஃப்ளூ. சாம்பிள் எடுக்க வந்தவர்கள் அக்கம்பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களிலும் விசாரித்து, ஐந்து பேரை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். செல்வினுக்கு ஆக்சிஜனை எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரி இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று சண்டை போடுகிறாராம்.

குமாரவேல் ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வீடியோ காலில் வளைகாப்பு பார்த்தான். போனை லாவண்யாவுக்கு எதிரிலேயே சந்தனக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். உறவுக்காரப் பெண்கள் நாற்பது பேர் அவன் முகத்தைப் பார்க்கப் போனுக்குள் தலையை விட்டார்கள்.

"டேய், சத்தம் கேக்குதா?" என்று லாவண்யா கையைக் குலுக்கினாள்.

"கேக்குதுக்கா!" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, விடாமல் நாலைந்து தடவை இருமிவிட்டான்.

நாற்பது பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போனைவிட்டு ஒரே எட்டாகப் பின்னால் போனார்கள்.