கடலைத் தோல் வடிகட்டி

ஆய்வுக்கூடக் கருவி காட்டிய எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை சோதித்தேன். அதே எண்தான். அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைவிட, வடிகட்டிய தண்ணீரில் ஈயம் பல மடங்கு அதிகம்.

அந்த வடிகட்டியைச் செய்து கொடுத்ததே நான்தான். அக்கா வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை. அந்தத் தெருக் கிணறுகளில் எல்லாம் பேட்டரி ஈயம், வயிற்றுப் பிள்ளைக்கு விஷம். அக்காவோ ஏழு மாதக் கர்ப்பிணி. கடலை உடைக்கும் மில்லில் குப்பையாகக் கொட்டும் தோலை வாங்கிவந்து, இடித்து, கழுவி, காயவைத்து, பிளாஸ்டிக் குழாயில் அடைத்தேன். தோல் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். போன வாரம்வரை தண்ணீர் சுத்தமாகத்தான் வந்தது.

இன்று பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்த அக்கா வீட்டுக்காரர், ஆய்வுக்கூட ஸ்டூலில் பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

“மாமா, வடிகட்டியில கை வச்சீங்களா?”

“வைக்காம? ஒரே பாசி வாடை, உங்கக்கா குமட்டுதுன்னா. நேத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஊத்தி நல்லா ஊற வச்சேன். பித்தளைப் பாத்திரமே பளபளன்னு ஆகுது, தோல் ஆகாதா?”

மனுஷர் சுத்தப் பைத்தியம். விட்டால் தண்ணீரையே சோப்புப் போட்டுக் கழுவுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“புளிப்பு பட்டா, பிடிச்சு வச்ச ஈயத்தை எல்லாம் தோல் விட்டுடும் மாமா! இத்தனை மாசம் சேர்ந்தது மொத்தமும் தண்ணியில இறங்கியிருக்கு.”

அவர் பேயறைந்தவர் போல ஆனார். “ஒரு தடவை அலசினேனேம்மா...”

“அக்கா குடிச்சாளா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் நான் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கா எடுத்தாள்.

“அக்கா, அந்தத் தண்ணியத் தொடாதே!”

“ஏன்டி இப்படிக் கத்துற? இன்னைக்கு வாடையே இல்ல தெரியுமா? இத்தனை நாளா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன், இன்னைக்குத்தான் ஆசை தீரக் குடிச்சேன். உள்ள இருக்கிறதுக்கும் பிடிச்சிருக்கு போல. காலையில அந்த உதை உதைச்சது, இப்ப சமத்தா அடங்கிக் கிடக்கு.”

மாமா என் முகத்தையே பார்த்தபடி எழுந்து நின்றார்.

“அக்கா, செருப்பைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றேன். “வயித்துல கை வச்சுப் பாரு. இப்ப உதைக்குதா?”

மறுமுனையில் அக்கா, “உதை கண்ணு, ஒரு தடவை உதை” என்று வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது மட்டும் கேட்டது.