கோச்சியில் பிறந்தவள்

சண்முகவடிவு பொறந்தது கோச்சியில. பேச்சுக்குச் சொல்லல. இந்தியாவுலேருந்து கப்பல்ல வந்து தலைமன்னார்ல கோச்சி ரயிலேறின ஆத்தாளுக்கு மதவாச்சி வர்றதுக்குள்ள வலி எடுத்து, ஓடுற பெட்டிக்குள்ளேயே இவ வந்து விழுந்துட்டா. நாப்பது வருசமா வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துல, வரிசை வீடா இருக்கிற லயத்துல அது சிரிப்புக் கதை. "டிக்கட் எடுக்காம வந்தவளே"ன்னு கேலி பண்ணினா இவளும் சேந்து சிரிப்பா.

ஐம்பத்தாறுல பிரஜாவுரிமை விசாரணைக்கு நுவரெலியா வரச்சொல்லிக் கடுதாசி வந்துச்சு பாருங்க, அன்னிக்கே அந்தச் சிரிப்பு செத்துப்போச்சு. பொறந்த இடத்துக்கு அத்தாட்சி வேணுமாம். இல்லேன்னா மனு தள்ளுபடி. அப்புறம் அவளும் மகன் நல்லமுத்துவும் கண்ணால கண்டிராத இந்தியாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கொழுந்தெடுக்கிற பொம்பளை எங்க போய்த் தேடுவா? ஆத்தாளும் அப்பனும் மண்ணுக்குள்ள. ஆளுங்களத் திரட்டிக் கூட்டியாந்த கங்காணியும் போய்ச் சேந்துட்டார்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அமிர்தநாதன் தொணைக்கு வந்தார். நல்ல மனுசன், ஆனா படிச்சதை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. நுவரெலியாவுக்கு நானுஓயாவுல எறங்கணும்; அங்க போற கோச்சியிலேயே ஆரம்பிச்சுட்டார்.

"கோச்சின்னு சொல்றோமே வடிவக்கா, அது இங்கிலீஷ்ல கோச். எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ஹங்கேரி நாட்டுல கோச்னு ஒரு சின்னக் கிராமம். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அங்க குதிரை வண்டி நல்லாச் செய்வாங்க. வண்டி நாடு நாடாப் போச்சு, ஊர் பேரும் கூடவே போச்சு. அப்புறம் ரயில் பெட்டிக்கும் அதே பேரு."

"ஒரு வண்டிக்கு இத்தன வெவரமா ஊரு தெரியுதுங்களா?"

"புஸ்தகத்துல எழுதி வச்சிருக்காங்க."

"நம்மளப் பத்தி ஏங்கய்யா யாரும் எழுதி வைக்கல?"



நுவரெலியாவுல கவர்மெண்டு ஆபீஸ் கந்தோர்ல அதிகாரி சிங்களத்துல கேட்டார், பக்கத்துல நின்னவர் தமிழ்ல சொன்னார். பொறந்த ஊரு? கோச்சியிலங்க. எந்த ஸ்டேசன்? ஸ்டேசன் வர்றதுக்கு முந்தியேங்க, மதவாச்சிக்கு அந்தப் பக்கம்னு ஆத்தா சொல்லும். ஆத்தா சொன்னதுக்குக் காயிதம் இருக்கா?

பாவம் வாத்தியார், தோட்டத்துல வேலையாளுங்க பேர் பதியிற செக்ரோல எடுத்து நீட்டினார். பத்து வயசுலேருந்து இவ பேர் அதுல இருக்கு. அதிகாரி கோபப்படக்கூட இல்ல. இது வேலை செஞ்சதுக்குத்தான், பொறந்ததுக்கு இல்லன்னு பொறுமையாச் சொல்லிட்டு, மனுவுல பொறந்த இடம்னு இருந்த கட்டத்துல ஒரு கோடு இழுத்தார். முடிஞ்சுபோச்சு. அந்த மனுசன் ஒரு அதட்டுப் போட்டிருந்தா இவளும் அழுது தீத்திருப்பா. அதுக்கும் வழியில்லாமப் போச்சு.

திரும்பி வர்றப்ப நானுஓயா ஸ்டேசன்ல வாத்தியார் தேத்தண்ணி வாங்கப் போயிட்டார். இவ டிக்கட் சன்னலுக்கு முன்னால நின்னா.

"எந்த ஊரு?" உள்ளேருந்து கேட்டாங்க.

யாரு கேட்டாலும் வட்டகொடைன்னு தானா வர்ற வாய்தான். இன்னிக்கு வரல. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. கோச்சி வந்து நின்னுச்சு, பின்னால ஆளுங்க முணுமுணுத்தாங்க.

"எந்த ஊரும்மா, சீக்கிரம் சொல்லு."

"தெரியலைங்க"ன்னா சண்முகவடிவு.