நடு அறை இல்லாத வீடு

வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு ஆபீசர் என்பதுதான் பெயர். நடந்தால் முதுகு வளையாது. யாரிடமும் கை நீட்டியதில்லை, யார் முன்னாலும் குரல் தாழ்ந்ததில்லை. அப்படிப்பட்டவர், மகளுக்கு அமைந்த சம்பந்தத்தின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தம் வீட்டுக்குள் நுழையவே கூசினார்.

சம்பந்தி வீட்டில் சுவர் என்பதே பேருக்குத்தான். வாசலில் நின்றால் கூடம், சாப்பாட்டு மேஜை, சமையல் மேடை, அதற்கப்பால் கண்ணாடிக் கதவு, தோட்டம் என்று எல்லாம் ஒரே பார்வையில் விரிந்தது. இவர் வீட்டிலோ ஓர் அறையைத் தாண்டினால் இன்னோர் அறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

"புறாக்கூடு மாதிரி இருக்குப்பா. அவங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் மகள்.

அது போதுமாயிருந்தது. மறுவாரமே மேஸ்திரி வந்தார். சுவர்களை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். தளத்தைத் தாங்க இரும்பு உத்திரம் கொடுத்துவிட்டால் குறுக்கே நிற்பதையெல்லாம் எடுத்துவிடலாம் என்றார். நடு அறை வாசலில் மட்டும் தயங்கி நின்றார். உள்ளே கட்டிலில் நரைத்த தலையோடு ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூமும் போகணுமாங்க? இவரு எங்க இருப்பாரு?"

"அது எங்க வீட்டு விஷயம். நீங்க சுவரைப் பாருங்க."

கட்டிலில் இருந்தவன் ஆபீசரின் தம்பி. வீட்டில் சின்னவன். உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. ஊரைப் பொறுத்தவரை அவன் வெளிநாட்டில், பெரிய கம்பெனியில் இருந்தான். எப்போதோ யாரோ கேட்டபோது ஆபீசர் வாயில் வந்த பதில் அது. பிறகு பின்வாங்க முடியவில்லை. நடுநடுவே அவனுக்குப் பதவி உயர்வும் அவரே கொடுத்து வந்தார். வாசல் மணி அடித்தால் நடு அறைக் கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட வராது. அந்தப் பாடத்தை அண்ணன் அவனுக்குச் சின்ன வயசிலேயே பழக்கியிருந்தார்.

"தம்பிய எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டாள் மனைவி.

"யாராவது வர்ற அன்னிக்கு மொட்டைமாடி ரூம்ல இருக்கட்டும். சொல்லாம கொள்ளாமயா வரப்போறாங்க?"

சுவர்கள் விழுந்தன. நடு அறைக் கதவை ஆட்கள் கழற்றித் தூக்கிப் போனபோது சின்னவன் பின்னாலேயே வாசல்வரை ஓடினான்.

"அண்ணே, என் கதவு எங்க போகுது?"

"குப்பைக்கு."

அவன் அழவில்லை. ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் படிந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். தூசி போன பிறகும் நிறுத்தவில்லை. அறை இருந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அந்தச் சதுரத்தை மட்டும் மணிக்கணக்கில் துடைத்தான். இரவில் மாடிப்படிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தான்.

வீடு என்னவோ அரண்மனைபோல ஆகிவிட்டது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மனைவி மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னாள்: "முன்னெல்லாம் அழணும்னா ஒரு மூலையாவது இருந்துச்சு."

"அழறதுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்று அதட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார் ஆபீசர்.

சம்பந்தி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல்தான் வந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு வேலை. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு," என்றபடி கணவரோடு உள்ளே நுழைந்துவிட்டாள். கதவைத் திறந்த ஆபீசர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். மாடிப்படி கூடத்தின் நட்டநடுவில் இருந்தது. அதன் கீழே சின்னவன் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை இழுத்துப் போட்டுச் சாத்த அந்த வீட்டில் ஒரு கதவு இல்லை.

"அடேயப்பா! எங்க வீட்டையே தோற்கடிச்சிட்டீங்களே!" அம்மாளின் கண் கூடத்தைச் சுற்றி வந்து தரையில் நின்றது. "தரை கண்ணாடி மாதிரி இருக்கு. வேலைக்காரர் கெட்டிக்காரரா இருக்காரே!"

சமையல் மேடையருகே மனைவி கையில் டம்ளரோடு நின்றாள். மகள் படியில் பாதி இறங்கியவள் அப்படியே நின்றாள். இருவரும் ஆபீசர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொன்னால், இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய் என்று இந்தக் கூடத்தில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஆமா. ரொம்ப நாளா இருக்கான்," என்றார்.

மகள் கீழே இறங்கி வந்து, சித்தப்பாவைச் சுற்றிக்கொண்டு நடந்து, விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டாள்.

காபி வந்தது. சம்பந்தி கேட்டார்: "உங்க தம்பி கல்யாணத்துக்கு வந்துடுவாரில்ல?"

"லீவு கிடைக்கிறது கஷ்டம். பெரிய பொறுப்பு பாருங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நான் இங்கதானே இருக்கேன், அண்ணே?" என்றான் சின்னவன்.

"பேசாம துடைடா!"

அவன் தலை கவிழ்ந்தது. அம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "ஏன், என்னவாம்?"

"கொஞ்சம் மூளை கம்மி. போக்கிடம் இல்ல. பாவம்னு வெச்சிருக்கோம்."

"உங்களுக்குப் பெரிய மனசு," என்று உருகினாள் அம்மாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம வீட்டைத் துடைச்சு மாளல, ஆளே கிடைக்கல. பொண்ணோட இவரையும் அனுப்பச் சொன்னா என்ன? அவளுக்கும் பழகின முகமா இருக்கும்."

மேடையருகே டம்ளர் விழுந்து உருண்டது. மனைவி குனிந்து அதை எடுக்கிற சாக்கில் நெடுநேரம் நிமிரவில்லை. அவள் முதுகு குலுங்குவது கூடம் முழுக்கத் தெரிந்தது.

ஆபீசர் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கென்ன, தாராளமா."

சின்னவன் முகம் மலர்ந்தது. "அங்க எனக்கு ரூம் இருக்கா, அண்ணே?"

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரூமைக் கேக்கறாரே! கார் நிறுத்தற இடத்துல ஒரு ஓரம் இருக்குய்யா, ராஜா மாதிரி படுத்துக்கலாம்."

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. சாமான் ஏற்றிய வண்டியில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சின்னவனுக்கு இடம் கிடைத்தது. மடியில் ஈரத்துணி. வண்டி திரும்பும்வரை அவன் கையாட்டிக்கொண்டே போனான். தெருவில் யாரும் யாரென்று கேட்கவில்லை. குடும்ப மானத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

சில மாதம் கழித்து ஆபீசர் மகளைப் பார்க்கப் போனார். மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். வீட்டில் ஒரே கூடத்தில் இருந்துகொண்டே அவரோடு பேசுவதை அவள் நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது.

சம்பந்தி வீட்டுத் தரை மின்னியது. சின்னவன் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். இளைத்திருந்தான். முழங்கால் இரண்டும் காய்த்துக் கறுத்திருந்தன. அண்ணனைக் கண்டதும் அவன் உதடு துடித்தது. அம்மாளை ஒருமுறை பயத்தோடு பார்த்துக்கொண்டான்.

"வாங்க, ஐயா," என்றான்.

"பழக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு," என்றாள் அம்மாள் பெருமையாக. "வர்றவங்க போறவங்க எல்லாரையும் பிடிச்சு, அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே தொல்லை. இப்ப வாயே திறக்கறதில்ல."

மகள் மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஆபீசர் தண்ணீரை எடுத்து, சிந்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்து, வெறும் டம்ளரைத் தட்டில் வைத்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க, சம்பந்தியம்மா," என்றார், முதுகு வளையாமல்.