ஏரிக்கரைக் குப்பைக்கு ஒரு பொன்னாடை

கோதண்டத்துக்குப் பொன்னாடை வாங்க உலகம்மாள் தாம்பரம் வரைக்கும் பஸ் ஏறிப் போனாள். ஸ்ரீபெரும்புதூரிலேயே கிடைக்கும்தான். ஆனால் அங்கே வாங்கினால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"யாருக்கும்மா, கட்சிக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எங்க ஊர்ப் பெரிய மனுசருக்கு. நல்ல செவப்பா எடுங்க. கடைசி வரிசையில நிக்கவனுக்கும் தெரியணும்."

பெரிய மனுசர் என்று சொன்னபோது அவள் பல் நறநறவென்றது கடைக்காரருக்குக் கேட்டிருக்காது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது கருங்கேணிப்பாக்கத்தில் நிலத்தை விற்றுப் பணக்காரனானவன் கோதண்டம். அந்தப் பணத்தில் ஏரிக்கரையோரம் வரிசையாக ரூம் கட்டினான். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஷிப்ட் வேலைக்கு வந்த பையன்களை அதில் அடைத்தான். கடைசி ரூமில் உலகம்மாளும் புருசன் கொம்பையாவும் அந்தப் பையன்களுக்கு மெஸ் நடத்தினார்கள்.

மெஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்க் குப்பை மலை. கோதண்டத்தின் டிராக்டர்தான் அதைக் கொட்டும். ஊர்க் குப்பையோடு நிற்காது. ஒரு பெயிண்ட் கம்பெனியில் கழித்துப் போடும், சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் டின்களையும் காசு வாங்கிக்கொண்டு அள்ளி வந்து அங்கேயே தள்ளும். அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து, மேல்பக்கத்தை வெட்டி, தன் வீட்டு மதிலோரம் வரிசையாகக் குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தான். எல்லாம் ஒரே நீல டின்.

போன வருசம் ஆடிக்காற்றில் குப்பை பற்றி, புகை மெஸ்ஸுக்குள் வந்தது. ஒரு குடம் தண்ணீரும் கம்புமாக அணைக்கப் போனான் கொம்பையா. கம்பு எதன்மீதோ பட்டது. வெடித்தது. அதன்பிறகு அவனுக்கு இரண்டு கண்ணும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். ஊரே கூடி நின்றது. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"ஏரிக்கரைக்கும் எனக்கும் இன்னா சார் சம்பந்தம்? என் டிராக்டர் அந்தப் பக்கம் போனதேயில்ல. அல்லாம் இந்தத் தெக்கத்தி ஆளுங்க கொட்றதுதான். மெஸ்ஸு மண்ணெண்ணெய் டின்ன இவனே தூக்கிப் போட்டு இவனே கிண்டிக்கினான்."

பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூடி நின்றவர்களில் பாதிப் பேர் அவனுக்கு வாடகைக்காரர்கள். மீதிப் பேர் சொந்தக்காரர்கள். ஒரு வாயும் திறக்கவில்லை.

கொம்பையா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே மெஸ் பாத்திரங்கள் தெருவுக்கு வந்தன. சோற்றுக் குண்டானை எட்டி உதைத்தவன் கோதண்டம்தான். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. உலகம்மாள் அழவில்லை. குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப் போட்ட முகத்தருகே குனிந்தாள்.

"அவன் மூஞ்சி ஊர் முன்னால செத்துப் போவும். நான் பாப்பேன். பாத்துட்டு வந்து ஒங்களுக்குச் சொல்லுதேன்."

கொம்பையா அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு விடாம சொல்லணும்ட்டி" என்றான்.

அப்புறம் மாதா கோயில் தெருவில் ஒரு ஓட்டு வீடு பிடித்து மறுபடியும் உலை வைத்தாள். பழைய பையன்கள் தேடி வந்து சாப்பிட்டார்கள். அடுப்பு எரிந்தது. அதைவிட அதிகமாக வேறொன்றும் எரிந்தது. வழிதான் தெரியவில்லை.

வழியைக் கொண்டுவந்தவள் ஜாஸ்மின். அதே தெருப் பெண். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. தோளில் டேப் ரெக்கார்டர் தொங்க, வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக் குப்பைய இனிமே என்ன பண்ணலாம்னு ஊரையே கேக்கப் போறோம்க்கா. ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல கூட்டம். ஒன்றிய அதிகாரி வராரு. நீங்களும் வந்து பேசணும்."

"நாங்களா? எங்களுக்கு இங்க ரேஷன் கார்டே கெடையாதேம்மா."

"குப்பை போடுறீங்க இல்ல? அது போதும்க்கா."

உலகம்மாள் சிரித்துவிட்டாள். ஜாஸ்மின் விவரம் சொன்னாள். குப்பை பிரிக்க ஒரு கொட்டகை போட வேண்டும். அதற்கு இடம் முடிவு செய்ய வேண்டும். குப்பை அள்ளும் கான்டிராக்டும் ஒருவருக்குத் தரப்போகிறார்கள். கோதண்டம் கேட்டிருக்கிறான்.

"ஆனா முன்னாடியே ஊர்க் குப்பை அள்ளிப் பழக்கம் இருக்குறவங்களுக்குத்தான் தருவாங்களாம்க்கா."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த உலகம்மாளின் கத்தி நின்றது.

"பழக்கம் இருக்கணுமா?" என்றாள் மெதுவாக. "அப்ப அவரே வாயத் தொறந்து சொல்லணும், என்ன?"

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த பையன்களிடம் கட்டளை போட்டாள்.

"ஜாஸ்மின் வந்து குப்பையப் பத்திக் கேக்கும். எல்லாவனும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். கோதண்டம் அண்ணாச்சி டிராக்டர் இல்லன்னா ஊரு நாறிப் போயிருக்கும். அவ்வளவுதான்."

டயர் கம்பெனியில் வேலை பார்க்கும் தளவாய்க்குச் சோறு புரையேறியது. "அத்தே, மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா? மாமா கண்ணப் பறிச்சவனுக்கு நாம சிந்து பாடணுமா?"

"சொன்னதச் செய்யில. ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் பொரிச்சுத் தாரேன்."

உள்ளே கட்டிலில் இருந்து கொம்பையா சொன்னான்: "பாடுங்கல. ஆட்டுக்கு மாலை போட்டுத்தானல வெட்டுதோம்."

பாட்டு கோதண்டத்தின் காதுக்குப் போய்ச் சேர அதிக நாளாகவில்லை. டீக்கடை வாசலில் உலகம்மாளைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"இன்னாம்மா உலகம், உன் பசங்க நம்மளத் தூக்கி வெச்சிப் பேசிக்கினு கீறானுங்களாமே?"

"உள்ளதத்தான சொல்லுதானுவ அண்ணாச்சி. கூட்டத்துல நானும் சொல்லுவேன்."

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத. உன் வூட்டுக்காரனுக்கு நேரம் சரியில்ல, அவ்ளோதான்."

"ஆமா, நேரந்தான்" என்றாள் உலகம்மாள். "எல்லாருக்கும் ஒண்ணு வருமில்லா?"

அவன் பெரிதாகச் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்த பையன்கள் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். மேசைமேல் ஜாஸ்மினின் டேப் சுழன்றது. "நீங்க பேசுறதுதான் முடிவு. யாரு என்ன சொன்னாலும் இதுல பதிவாகும்" என்று ஒன்றிய அதிகாரி ஆரம்பித்துவைத்தார்.

செல்லம்மாள்தான் முதலில் எழுந்தாள். பால் வியாபாரக்காரி, குரலே மைக்.

"பிளாஸ்டிக் பையத் துன்னுட்டு என் பசு செத்துச்சி சார். வவுத்தக் கிழிச்சா மூட்டை மூட்டையா வருது. மொதல்ல கடைக்காரனைப் புடிங்க!"

"பை இல்லாம ரசத்த கையிலயா வாங்கினு போவ?" என்று ஒருவன் கேட்க, கூடம் சிரித்தது.

"தொட்டி வைக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"வெச்சா தொட்டியவே தூக்கினு போய்த் தண்ணி புடிப்பானுங்க!"

அதிகாரி கைகாட்டி அமர்த்தினார். கொட்டகை போட அரசு நிலம் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது என்றார். ஒன்று ஏரிக்கரை. இன்னொன்று கோதண்டத்தின் வீட்டுக்கு நேர் எதிரே. அந்தப் புறம்போக்கைக் கோதண்டம் முள்வேலி போட்டு டிராக்டர் நிறுத்த வைத்திருந்தான்.

கோதண்டம் எழுந்தான். "ஏரிக்கரைதான் சார் கரெக்ட்டு. அங்க இன்னா, ரூம்ல தங்குற பசங்கதானே? இன்னிக்கு வருவான், நாளைக்குப் போயிடுவான்."

சுவரோரம் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. உலகம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடங்கியது. அவள் மஞ்சப்பையோடு முன்னால் வந்தாள்.

"சார், எடத்தப் பத்திப் பேசுததுக்கு முந்தி ஒரு மரியாத பாக்கி இருக்கு. இத்தன வருசமா இந்த ஊர்க் குப்பைய அள்ளுனது யாரு? அவியளுக்கு ஒரு பொன்னாடை."

பெண்பிள்ளை ஆம்பளைக்குப் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கமில்லை. அதனால் தளவாயிடம் கொடுத்தாள். தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு போர்த்தினான். சிவப்புச் சரிகை கோதண்டத்தின் தோளில் பளபளத்தது. பையன்கள் கைதட்டிக் கூரையை அதிர வைத்தார்கள்.

பொன்னாடை விழுந்தால் நாலு வார்த்தை பேச வேண்டும். அது முறை. கோதண்டம் தொண்டையைச் செருமினான். பார்வை அதிகாரி பக்கம் போனது. கான்டிராக்ட் கண் முன்னால் தெரிந்தது.

"நானா சொல்லிக்கக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். ஏரிக்கரைல கீற குப்பை அத்தினியும் என் டிராக்டர் கொட்னது சார். எட்டு வருசமா! வேற ஒருத்தன் ஒரு கூடை கொட்னது கெடையாது. எனக்குத் தெரியாம அங்க ஒரு துரும்பு வுழாது."

"வேற யாருமே கொட்டலியா அண்ணாச்சி?" என்றாள் உலகம்மாள். "எங்க தெக்கத்தி ஆளுவ?"

"சேச்சே! அந்தப் பசங்களுக்கு ஏது நேரம்? அல்லாம் நான்தான்."

கூடத்தின் பின்பக்கம் ஒரு இருமல் கேட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் உறைத்தது. போன வருச ஆடியில் இதே வாய் சொன்னதை நின்று கேட்டவர்கள் அவர்கள்.

உலகம்மாள் மஞ்சப்பையில் மறுபடி கைவிட்டாள். வெடித்த அன்றே குப்பையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த தகரம் ஒன்றை, கிழிந்து, கருகி, ஓரம் கத்தியாய் வளைந்ததை, எடுத்து மேசைமேல் வைத்தாள். கருகலுக்கு நடுவில் நீலம் தெரிந்தது.

"அப்ப இதுவும் ஒங்க டிராக்டர் கொட்டுனதுதான? என் புருசன் கண்ணப் பறிச்ச டின்னு. மண்ணெண்ணெய் டின்னு எந்த ஊர்ல நீலமா இருக்கு? ஒங்க வீட்டு மதில்ல குரோட்டன்ஸ் வச்சிருக்கியளே, அந்த நீலம்."

"ஏய்! இன்னா பேசற நீ? நான் எப்போ சொன்னேன்? டின்னு பத்தி நான் சொல்லவே இல்ல! குப்பையே நான் கொட்டலயே!"

அதிகாரி ஜாஸ்மினைப் பார்த்தார். "கொஞ்சம் பின்னாடி போட்டுக் காட்டும்மா."

டேப் கிறீச்சிட்டுத் திரும்பியது. கோதண்டத்தின் குரல் கூடமெங்கும் கணீரென்று ஒலித்தது. *எனக்குத் தெரியாம அங்க ஒரு துரும்பு வுழாது.*

"போன வருசம் போலீஸுக்கு இவரு வேற சொன்னாரு சார்" என்று எழுந்தாள் செல்லம்மாள். "டிராக்டர் அந்தப் பக்கமே போனதில்லன்னாரு. நாங்க அல்லாரும் கேட்டோம். வாய மூடிக்கினு நின்னோம். என் பசு துன்ன பையும் அப்போ இவரு கொட்னதுதானா?"

"கான்டிராக்ட் விஷயம் இன்னியோட முடிஞ்சது" என்றார் அதிகாரி. "அம்மா, நீங்க ஸ்டேஷன்ல புகார் குடுங்க. இந்த டேப்போட நானும் வரேன்."

கோதண்டம் பொன்னாடையை உருவப் பார்த்தான். சரிகை சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. உலகம்மாள் ஒரு அடி முன்னால் வந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். பார்க்கத்தானே வந்தாள்?

"இடம்?" என்று கேட்டார் அதிகாரி.

"இத்தன வருசம் குப்பையப் பாத்துக்கிட்ட ஆளு" என்றாள் உலகம்மாள். "அவிய கண்ணு முன்னாலயே இருக்கட்டும். எதிர்த்தாப்புலயே போடுங்க."

சுவரோரக் கைகள் மொத்தமும் உயர்ந்தன. அடுத்துச் செல்லம்மாளின் கை. அப்புறம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே, கோதண்டத்தின் சொந்தக்காரர்களுடையதும்.

வீட்டில் கொம்பையா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தான். செருப்புச் சத்தம் கேட்டதும், "சொல்லு" என்றான்.

"மொதல்ல செவந்துச்சு. பொறவு வெளுத்துச்சு, சுண்ணாம்பு பூசுன மாதிரி. வாய் தொறந்தே கெடந்துச்சு. உதட்டோரம் எச்சி. பொன்னாடை சட்டையில மாட்டிக்கிட்டுக் கழலல. வேட்டி நுனிய மிதிச்சுத் தடுமாறுனான். புடிக்க ஒரு கை வரல."

"அழுதானா?"

"இல்ல. இன்னும் இல்ல."

கொம்பையா தலையாட்டினான். "மறுபடி சொல்லு. செவந்ததுல இருந்து."

தை பிறக்கும் முன்னே கொட்டகை எழும்பிவிட்டது. முள்வேலி போயிற்று. போலீஸ் ஜீப் கோதண்டம் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து போனது. குப்பை வண்டி இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்து மணியடிக்கிறது. மாதா கோயில் தெருவில் எல்லாரும் அதில்தான் போடுகிறார்கள்.

உலகம்மாள் மட்டும் போடுவதில்லை. மீன் செதிலும் கழிவுமாக வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் அத்தனை தூரம் நடக்கிறாள். கோதண்டத்தின் வாசலுக்கு நேரே நின்று, நிதானமாகக் கொட்டகையில் கவிழ்க்கிறாள். மாடியில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும்வரை வாளியைத் தட்டுகிறாள்.

திரும்பி வந்ததும் கொம்பையா கேட்பான்:

"இன்னைக்கு எப்படி இருந்தான்?"

அவள் கையைக் கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லுவாள்.